மிலிட்டரி வக்கீல் விட்டுப்போன கட்டுகள்: தேவகோட்டைப் பக்கம் நாலு நாள்

முதல் நாள், வியாழன் இரவு

பல்லவனில் வந்து காரைக்குடியில் இறங்கும்போது ஊர் பாதி அடங்கிவிட்டது. ஸ்டேஷன் வாசலில் டிவிஎஸ் எக்ஸெல் மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு பெரியப்பாவின் குமாஸ்தா அண்ணன் நின்றார். வயது 68, சட்டைப் பையில் மூன்று பேனா, அதில் ஒன்று எழுதாது என்பது பிறகு தெரிந்தது. "பையை முன்னால வைங்க தம்பி, நீங்க பின்னால உட்கார்ந்து என்னையப் பிடிச்சுக்கங்க" என்றார். தேவகோட்டைக்குச் சுமார் இருபது கிலோமீட்டர். வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார், பாதி காற்றில் போய்விட்டது, காதில் விழுந்த பாதி முழுக்கப் பெரியப்பாவைத் திட்டியதுதான். "ஒரு பேப்பரைத் தூரப் போட்டதில்லை தம்பி மனுசன்."

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா மார்ச்சில் தவறிவிட்டார், 84 வயது. ஊரில் அவர் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது, மிலிட்டரி வக்கீல் வீடு என்றால் ஆட்டோக்காரர் நேரே வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். 1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவம் அவசர அவசரமாக அதிகாரிகளை எடுத்ததே, அந்த 'எமர்ஜென்சி கமிஷன்' ஆள் அவர். 1963-ல் பரங்கிமலையில் புதிதாகத் திறந்த பயிற்சிப் பள்ளி, அப்புறம் மதராஸ் ரெஜிமெண்ட், 1965 பாகிஸ்தான் போர். 1968-ல் வேலை முடிந்தது, கிளம்பு என்றுவிட்டார்கள். இருபது வருடம் முடிக்காத அதிகாரிக்கு ஓய்வூதியம் கிடையாது. கையில் கிடைத்த கொஞ்சப் பணத்தில் சென்னை சட்டக் கல்லூரியில் படித்து, 1972-ல் தேவகோட்டைக்கு வந்து கறுப்புக் கோட்டை மாட்டியவர், கண் மங்கும் வரை கழற்றவில்லை.

இப்போது பெரியம்மா வீட்டைக் கொடுத்துவிட்டுத் திருச்சியில் மகள் வீட்டுக்குப் போகிறார். பீரோவிலும் ரெண்டு மர ரேக்கிலும் அடுத்தவர் பத்திரங்கள். அசல் பத்திரங்கள், நகல் இல்லை. "கரையான் ஏறினா யாரு பதில் சொல்றது? நீ வந்து அவரவர் கையில கொடுத்துட்டுப் போ" என்று போனில் உத்தரவு. எனக்கும் சட்டத்துக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது, மருந்துக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். ஆனால் நாலு நாள் லீவு இருந்தது, பெரியம்மாவிடம் முடியாது என்று சொல்லும் தைரியம் இல்லை.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் சாப்பிட்டுவிட்டுப் பீரோவைத் திறந்தோம். நாடா கட்டி, நீளவாக்கில் மடித்து, மேல் தாளான டாக்கெட் ஷீட்டில் வழக்கின் ஓ.எஸ். நம்பரும் வருடமும் எழுதிய கட்டுகள். ஒரு கட்டில் ரங்கூனில் எழுதிய கடன் புரோநோட்டுகள், ஸ்டாம்ப் நிறம் இன்னும் போகவில்லை. 1938 வாக்கில் கீழ்பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் கால்வாசி செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. 1942-ல் ஜப்பான்காரன் வந்தான், 1948-ல் பர்மா அரசாங்கம் நில தேசியமயச் சட்டம் போட்டது, எல்லாம் போயிற்று. புரோநோட்டை வைத்து வழக்குப் போடக் காலவரையறை மூன்றே வருடம். இதை வசூலிக்க முடியுமா என்று எழுபதுகளில் ஒரு குடும்பம் கொண்டுவந்து கேட்டதாம். முடியாது என்று சொன்னவர், சரி நீங்களே வைத்திருங்கள் என்று அவர்கள் சொன்னதும் ஐம்பது வருடம் வைத்திருந்திருக்கிறார்.

தூங்கப் போகும் முன் ஒரு விஷயம். சிவில் கட்டுகளில் பெரும்பாலும் கடைசித் தாள் ஒரு படம். பென்சிலில் போட்டது, மூலையில் வடக்கைக் காட்டும் அம்பு, கிணறு, புளியமரம், படல், வரப்பு, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு எண், எண்ணுக்குப் பக்கத்தில் 'த' என்ற எழுத்து. தப்படி என்றார் குமாஸ்தா அண்ணன். ராணுவத்தில் ஒரு எட்டு 30 அங்குலம், கால் அதற்குப் பழகிவிடும், 40 எட்டுக்கு 100 அடி. கணக்குத் தவறாமலிருக்க 40 எட்டுக்கு ஒரு புளியங்கொட்டையை வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றுவாராம். பெரியம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "துவைக்கப் போட்டா வாளி பூரா புளியங்கொட்டை."

இரண்டாம் நாள், வெள்ளி

காலையில் கோர்ட். இங்கே ஒரு பழைய கதை உண்டு, இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காக எழுதுகிறேன். 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' சமயத்தில் தேவகோட்டைக் கோர்ட்டை ஜனங்கள் கொளுத்தினார்கள், போலீஸ் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். பக்கத்தில் திருவாடானையில் சிறையை உடைத்து, விடுதலைப் போராட்டக்காரர் சின்ன அண்ணாமலையை வெளியே கொண்டுவந்தார்கள். ஜனங்கள் எரித்த கோர்ட்டுக்கு அதே ஜனங்களின் பேரப்பிள்ளைகள் இன்று காலை பத்து மணிக்கு வாய்தாவுக்கு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

வக்கீல்கள் அறையில் டீ கொடுத்தார்கள். பெரியவர் ஒருவர், பெரியப்பாவுக்கு நாலைந்து வருடம் ஜூனியர், என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு உள்ளதைச் சொன்னார். செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை வரும் என்று நினைத்தேன். "சுமாரான வக்கீல்தான் தம்பி. ஆர்க்யூமென்ட் வராது. குறுக்கு விசாரணையில குரலை ஏத்தத் தெரியாது, சாட்சி பொய் சொன்னா இவருக்கு வெட்கமா இருக்கும், தலையைக் குனிஞ்சுக்குவாரு. ஆனா கமிஷனராப் போட்டா மட்டும் ரெண்டு தரப்பும் ஆட்சேபணை போட மாட்டாங்க." நிலத்தகராறில் இடத்தை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்க கோர்ட்டு ஒரு வக்கீலை அனுப்பும், அதுதான் கமிஷனர் வேலை. மற்றவர்கள் சர்வேயரைக் கூட்டிக்கொண்டு காரில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள், இவர் காலை ஆறு மணிக்கே போய்த் தனியாக ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் வாதி பிரதிவாதியைக் கூப்பிடுவாராம்.

போரைப் பற்றி எதுவும் சொல்வாரா என்று கேட்டேன். சொன்னதில்லை. கொடி நாளுக்குக்கூடப் பதக்கம் குத்தியதில்லை. (சமர் சேவா ஸ்டாரும் ரக்ஷா மெடலும் பிஸ்கட் டப்பாவில், பழைய கோர்ட் பீ ஸ்டாம்போடு கிடந்தன. நேற்று பார்த்தேன்.)

மத்தியானத்துக்கு மேல் காரைக்குடி. ஐந்து கட்டுகள் கொடுக்க வேண்டியது, நான் ஒன்றைச் சொதப்பிவிட்டேன். ஒரே பெயர், ஒரே இனிஷியல், பக்கத்துப் பக்கத்துத் தெரு, ஒருவருடைய கிரயப் பத்திரத்தை இன்னொருவர் கையில் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். அவர் பாவம் கண்ணாடி போட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு இவ்வளவு சொத்தா?" என்றார். குமாஸ்தா அண்ணன் அதற்குப் பிறகு என்னிடம் கட்டையே தரவில்லை, பையைச் சுமக்க மட்டும் விட்டார். இன்னொருவர் வாசலிலேயே நிறுத்தி, "பீஸ் பாக்கி இருக்கே, அதைக் கேட்கத்தானே வந்தீங்க" என்றார். இல்லை என்று நம்பவைக்க அரை மணி நேரம் ஆயிற்று.

மூன்றாம் நாள், சனி

இன்று கானாடுகாத்தான் பக்கம். அந்த ஊரின் பெரிய வீடுகளைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று, பர்மாத் தேக்குத் தூண், இத்தாலிப் பளிங்கு, முட்டை வெள்ளை கலந்த பூச்சு. நான் போனது அங்கிருந்து கொஞ்சம் தள்ளி இன்னொரு ஊர், பெயர் வேண்டாம், வீட்டுக்காரர்கள் விரும்பமாட்டார்கள். முன் தெருவில் முகப்பு, பின் தெருவில் அடுப்படி வாசல், ஒரு வாசலில் நின்று பார்த்தால் கதவுக்குள் கதவாக அடுத்த வாசலின் வெளிச்சம் பொட்டாகத் தெரியும். சாவி காவல்காரரிடம். பங்காளிகள் 27 பேர், சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், மலேசியா. இங்கே இருப்பது ஒரு ஆச்சி மட்டும், எண்பதை நெருங்குகிறவர், அவர் கையில்தான் கட்டைக் கொடுக்க வேண்டும்.

ஆச்சி வளவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். வளவைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், எல்லாக் கதவிலும் பூட்டு. நகரத்தார் வழக்கத்தில் மகனுக்குக் கல்யாணமானதும் 'வேறு வைத்துவிடுவார்கள்'. ஒரே வீடுதான், ஒரே கூரைதான், அவனுக்கு ஒரு அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. கோயிலுக்கு வரி கட்டும்போதும் அவனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு புள்ளி. ஆக இந்த வீடுகள் கட்டும்போதே பாதி பிரித்துக் கட்டியவை. கேஸ் வந்தால் மீதிப் பாதியில்தான் வரும்: முகப்பு யாருக்கு, கிணறு யாருக்கு, கல்யாணக் கொட்டகை யாருக்கு.

இந்த வீட்டிலும் வந்தது. பிரிக்க முடியாத வீடு என்றால் விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள் என்று கோர்ட்டு சொல்லலாம், 1893-ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைச் சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. விற்றால் என்ன ஆகும் என்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், வரிசையாகப் பழம்பொருள் கடைகள், கதவும் தூணும் எனாமல் தூக்குவாளியும் தனித்தனியாக விலைக்கு நிற்கும். பெரியப்பா இங்கே கமிஷனர் இல்லை, மூத்த பங்காளிக்கு வக்கீல். இருந்தாலும் மூன்று நாள் இந்த வளவில் புளியங்கொட்டையோடு நடந்திருக்கிறார். ஆச்சி பிரித்துக் காட்டிய படத்தில் 27 பேருடைய அறையும் நம்பரோடு இருக்கிறது, முகப்பும் இரண்டாம் கட்டும் கிணறும் கோடு போட்டு நிழலடித்து, 'பொது, நல்லது கெட்டதுக்கு' என்று எழுதியிருக்கிறது. வக்கீல் எழுதும் மொழியா அது? ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே அப்படியே சமரச ராஜிப் பத்திரத்தில் எடுத்துப் போட்டிருக்கிறார்.

அதில் ஒரு முடிச்சு. தமிழ்நாட்டில் 1989-ல் சட்டம் திருத்தி, கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமைப் பங்கு கொடுத்தார்கள். ஆனால் 1989 மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமான பெண்ணுக்குக் கிடையாது. இந்த வீட்டில் அக்காவுக்கு அந்த வருடம் தையில் கல்யாணம், தங்கைக்கு ஆவணியில். தங்கைக்குப் பங்கு உண்டு, அக்காவுக்கு இல்லை. மத்திய சட்டம் 2005-ல்தான் இந்த வித்தியாசத்தை எடுத்தது, இவர்கள் கேஸ் அதற்கு வெகுமுன்பே முடிந்துவிட்டது. பெரியப்பாவின் கட்சிக்காரர் அந்தப் பெண்களின் அண்ணன், அவருக்குச் சட்டம் சாதகம். சட்டம் சாதகமாக இருக்கும்போது கட்சிக்காரரை விட்டுக்கொடுக்கச் சொல்வது வக்கீல் தர்மமா என்று நான் குமாஸ்தா அண்ணனைக் கேட்டேன். "அவரு சொல்லலையே தம்பி. படத்துல மூத்த பொண்ணு பேரையும் ஒரு அறையில எழுதி, பென்சில்லதான் எழுதியிருக்கேன், வேணாம்னா நீங்களே அழிச்சுருங்கன்னு ரப்பரைக் கையில குடுத்தாரு." அண்ணன்காரர் அழிக்கவில்லை. அந்த மூத்த பெண்தான் இந்த ஆச்சியின் மருமகள் என்று நான் கதையை முடித்துக்கொள்ளப் பார்த்தேன், இல்லை, இவர் அவருடைய அத்தையாம். எனக்கு இந்த உறவுமுறைக் கணக்கு கடைசிவரை பிடிபடவில்லை.

வீடு முழுசாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் கட்டில் நாலு தூணுக்குப் பதில் சிமெண்ட் தூண், யாரோ ஒரு பங்காளி ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றி விற்றுவிட்டார். ராஜிப்படி அது பொது. கேஸ் போடலாம்தான். ஆச்சி, "யாரு மேல போடுறது, நம்ம புள்ளைதானே" என்று சொல்லிவிட்டுக் கவுனி அரிசி கொண்டுவரப் போனார். தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டு, கறுப்பாக, இளஞ்சூடாக. ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பும் வழியில் ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறை, அங்கே ஒரு கட்டு. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்துக் கலர் சிமெண்டை ஊற்றிக்கொண்டே கையை நீட்டினார் உரிமையாளர், பத்திரத்தில் ஒரு சிவப்புப் பெருவிரல் ரேகை பதிந்துவிட்டது. கையெழுத்தே வேண்டாம் என்றார் குமாஸ்தா அண்ணன்.

நான்காம் நாள், ஞாயிறு

தேவகோட்டையிலிருந்து திருவாடானை ரோட்டில் போய் உள்ளே திரும்பினால், செட்டிநாட்டு வீடுகள் சட்டென்று முடிந்துபோய் மானாவாரி நிலமும் கண்மாயும் சீமைக் கருவேலமும் மட்டும்தான். நடுவில் எக்ஸெல் பஞ்சர். ரெண்டு கிலோமீட்டர் தள்ளினோம். தள்ளும்போதுதான் குமாஸ்தா அண்ணன் இந்தக் கட்டைப் பற்றிச் சொன்னார்: "இது ஐயா தோத்த கேசு. அந்தம்மா ஏசும், வாயைத் திறக்காதீங்க."

ஏசினார். ஓட்டு வீடு, திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார், பேரன் எங்களைக் காட்டி யாரென்று சொன்னதும், "வாங்கப்பு, என் கேஸைத் தோத்தவரு வீட்டுப் புள்ளையா" என்றார். பேரன் அப்பத்தா என்று கூப்பிட்டான், நானும் அப்படியே கூப்பிட்டேன். எழுபத்தொன்பது வயது. கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் புருஷன் போரில் போய்விட்டார், கைக்குழந்தை. புருஷன் பெரியப்பாவின் பிளாட்டூனில் சிப்பாய்.

அந்தச் சண்டை 1965 செப்டம்பரில், சியால்கோட் பக்கம் மகாராஜ்கே என்ற ஊரில். மதராஸ் ரெஜிமெண்டின் நாலாவது பட்டாலியனுக்கு அந்த ஊர்ப் பெயரிலேயே போர்க் கௌரவம் இருக்கிறது. அந்தக் காலத்தில் உடலை ஊருக்கு அனுப்புகிற வழக்கமில்லை, அங்கேயே எரித்துவிடுவார்கள், வீட்டுக்குத் தந்தி வரும். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் ஒப்பந்தம் போட்டு, பிடித்த இடங்களை இரண்டு பக்கமும் திருப்பிக் கொடுத்தார்கள். ஆக அப்பத்தாவிடம் உடலும் வரவில்லை, இடமும் நம்மிடம் இல்லை.

கேஸ் இது: புருஷனின் அண்ணன்மார் நிலத்தில் பங்கு தரவில்லை. விதவைக்குப் புருஷன் பங்கு உண்டு, 1956 வாரிசுச் சட்டத்தில் அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பட்டாளத்துக்குப் போவதற்கு முன்பே புருஷன் கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு அண்ணனுக்குப் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து ரிஜிஸ்தரும் ஆகியிருந்தது. அந்தப் பத்திரம் இவருக்குத் தெரியாது. "தோக்கும்னு உங்க பெரியப்பா மொத நாளே சொன்னாரு. நான்தான், போடுங்க, அவுங்க கோர்ட்டுல நின்னு என் மூஞ்சியப் பாக்கணும்னேன். முன்சீப் கோர்ட்டுல தோத்தாரு, அப்பீல்ல தோத்தாரு. தோக்குற கேசுக்கு அம்புட்டுத் தூரம் எதுக்கு நடந்து அளந்தாரோ." கோர்ட் பீஸ் யார் கட்டினார்கள் என்று நோட்டில் இல்லை, நான் பார்த்துவிட்டேன். வருடா வருடம் செப்டம்பரில் ஒரு நாள் வந்து, இதே திண்ணையில் சாப்பிட்டு, ஏச்சு வாங்கிக்கொண்டு போவாராம்.

நான் கட்டை நீட்டினேன். தீர்ப்பு நகல், விடுதலைப் பத்திரத்தின் நகல், ராணுவத்திலிருந்து வந்த இரண்டு கடிதம். அப்பத்தா வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய், முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தார். மடித்த இடமெல்லாம் இற்று, மூன்று இடத்தில் சோற்றுப் பசை போட்டு ஒட்டியிருந்தது. பென்சில் படம். மூலையில் வடக்கு அம்பு.

பெரியப்பா தேவகோட்டைக்கு வந்த புதிதில் இந்த வீட்டைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். அப்பத்தா கேட்டது ஒரே கேள்வி, எந்த இடம் என்று. அவர் உடனே பதில் சொல்லவில்லை, ஒரு வாரம் கழித்து இதைக் கொண்டுவந்து கொடுத்தார். கரும்புக் கொல்லைக்குக் குட்டிக் குட்டிக் கோடுகள், வாய்க்காலுக்கு இரட்டைக் கோடு, கிணற்றுக்கு வட்டம், கிணற்றிலிருந்து ஒரு புள்ளிக் கோடு போய் ஒரு பெருக்கல் குறியில் முடிகிறது, கோட்டின் மேல் '212 த'. ராத்திரி நகரும்போது காம்பஸைப் பிடித்து எட்டை எண்ணிக்கொண்டே போவார்களாம், பேரன் சொன்னான், அவனும் பட்டாளத்துக்கு எழுதிப்போட்டிருக்கிறான். அடியில், சொத்தின் நாலு எல்லையைச் சொல்லும் பத்திர நடையில் நாலு வரி. அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் அந்த வரிகள் மனப்பாடம், இருந்தும் என்னைப் படிக்கச் சொன்னார்.

"இதற்கு செக்குபந்தி. கிழக்கு, கரும்புக் கொல்லை. மேற்கு, வாய்க்கால். வடக்கு, மண்பாதை. தெற்கு, நாங்கள் வந்த வழி. இதற்குட்பட்டது."

"வாய்க்கால்ல தண்ணி ஓடுச்சாம்" என்றார் அப்பத்தா. "அதையும் கேட்டுக்கிட்டேன்."

லேமினேஷன் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், மடிக்க வராது என்றார். குமாஸ்தா அண்ணன் தன் நோட்டை எடுத்து, கட்டு ஒப்படைத்ததற்குக் கைநாட்டு வாங்கினார். அப்புறம் அடுத்த வரியில், எழுதாத பேனாவை உதறிப் பார்த்து வைத்துவிட்டு வேறு பேனாவை எடுத்து, 'வரைபடம் 1, அசல், கட்சிக்காரர் வசம்' என்று எழுதிக்கொண்டார்.

பஞ்சர் ஒட்டிக்கொண்டு பேரன் வர மூன்று மணி ஆனது. கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. ராத்திரி எனக்கு ரயில். இன்னும் 11 கட்டு பாக்கி, ஆடி கழிந்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், பெரியம்மாவும் அதுவரை சாமான் எதையும் கட்டப்போவதில்லை என்கிறார்.